படகில் பிடித்துப் பார்க்க எந்த பைனாகுலர்? கேள்வி பதில்

கேள்வி: 10×50, 12×50 என்று பவர் கூடியவை கிடைக்கும்போது, படகுக்கு ஏன் 7×50-ஐயே சொல்கிறார்கள்?

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 7 மடங்கில் பார்த்தால் 700 மீட்டரில் இருக்கும் மிதவை 100 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் மிதவையோடு உங்கள் கை நடுக்கமும் படகின் ஆட்டமும் சேர்ந்தே பெரிதாகும். 12 மடங்கில் மிதவை மேலுள்ள எண் பெரிதாகத்தான் இருக்கும்; ஓரிடத்தில் நின்றால்தானே படிக்க! பவர் குறைந்தால் பார்வைப் புலமும் விரியும். 7×50-ல் அது சுமார் 7 டிகிரி, அதாவது 1000 மீட்டர் தூரத்தில் 120 மீட்டர் அகலம். படகு குலுங்கிப் பொருள் நழுவினாலும் தேடிப் பிடிப்பது சுலபம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7.1. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை அத்தனை மில்லிமீட்டர் அகலம். இருட்டில் இளம் கண்ணின் பாவை ஏறக்குறைய அந்த அளவுக்கு விரியும் என்பதால் அந்தியிலும் படம் வெளிச்சமாக இருக்கும். பகலில் பாவை 2, 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடுமே, மீதி வீண்தானே என்று கேட்கலாம். வீணில்லை. ஆட்டத்தில் கண் சற்று விலகினாலும் படம் கறுக்காமல் இருப்பது அந்த உபரி அகலத்தால்தான்.

கேள்வி: எனக்கு வயது 58, பகலில் மட்டுமே போகிறேன். அந்தக் கனத்தைச் சுமக்கத்தான் வேண்டுமா சார்?

வேண்டாம். 7×50 பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். உங்கள் வயதில் இருட்டிலும் பாவை பலருக்கு 5 மி.மீ.க்கு மேல் விரியாது. 7×35 (5 மி.மீ. கற்றை) அல்லது 7×30 (4.3) போதும். துடுப்புப் படகு, கயாக் என்றால் இளைஞருக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: "வாட்டர் ரெசிஸ்டன்ட்", "வாட்டர்ப்ரூஃப்", "ஃபாக்ப்ரூஃப்" எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் வேறு. முதலாவது தெறிப்பைத் தாங்கும், அவ்வளவுதான், படகுக்கு வாங்காதீர்கள். வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லை மட்டும் நம்பாமல் தரக்குறியீட்டைப் பாருங்கள்: ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பு மட்டும், ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஏழுக்குக் குறைந்து வேண்டாம்.

ஃபாக்ப்ரூஃப் என்பது உள்ளே இருக்கும் காற்றைப் பற்றியது. சாதாரணக் காற்று உள்ளே இருந்தால், வெயிலில் சூடான கருவி குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தக் காற்றிலுள்ள ஈரம் லென்ஸின் உட்புறத்தில் நுண்துளிகளாகப் படியும். துணி போட்டுத் துடைக்க முடியாத இடம் அது. நாளாக ஆகப் பூஞ்சையும் பிடிக்கும். அதனால் உலர்ந்த நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்து அடைக்கிறார்கள். ஆனால் உங்கள் மூச்சுக்காற்று வெளிப்பக்கக் கண்ணாடியில் படிவதை நைட்ரஜன் தடுக்காது. அதைப் பார்த்துப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

நீர் புகாதது எல்லாம் மிதக்காது. பெரும்பாலானவை கல்லைப்போல் மூழ்கும். நுரை வைத்த மிதக்கும் வார் வாங்கினால், முதலில் பைனாகுலரோடு சேர்த்து ஒரு வாளி நன்னீரில் போட்டுப் பாருங்கள். சின்ன கேமராவுக்கென்று செய்த வார் ஒரு கிலோவைத் தாங்காமல் கூடவே கீழே போகும்.

கேள்வி: நடுவில் ஃபோகஸ் சக்கரமே இல்லாத மாடலை எப்படிச் சரிசெய்வது?

இரண்டு கண்வில்லைகளையும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். இரண்டையும் + பக்கம் கடைசிவரை திருப்பிவிடுங்கள். இடது முன் லென்ஸைக் கையால் மூடி, இரண்டு கண்ணையும் திறந்தபடி தொலைவில் ஒரு கொடிமரத்தைப் பாருங்கள். வலது வில்லையை − பக்கம் மெதுவாகத் திருப்பி, முதன்முதலாகத் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் திருப்பினாலும் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் கண் சிரமப்பட்டு ஈடுகட்டுகிறது, அரை மணியில் தலை வலிக்கும். மற்ற கண்ணுக்கும் இதேபோல். அளவுகோலில் உங்கள் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் திருப்பிவிட்டாலும் நொடியில் மீட்கலாம்.

ஒருமுறை வைத்தால் சில பத்து மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவு. அசையும் பாகம் குறைவதால் நீர் புகும் வழியும் குறைவு. பக்கத்தில் வரும் பறவை பார்க்க மட்டும் இது சரிப்படாது.

கேள்வி: கண்ணாடி போட்டவர்களுக்கு?

கண்வில்லையிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம் 18 மி.மீ.யாவது இருக்கிறதா என்று பாருங்கள். கண்வில்லையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பை மடக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: உள்ளே திசைகாட்டியும் கோடுகளும் உள்ளவை பயன்படுமா?

வரைபடம் வைத்து ஓட்டுபவருக்குப் பயன்படும். கோடுகள் "மில்" என்ற கோண அளவில் இருக்கும்; 1000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் பிடிக்கும் கோணம்தான் 1 மில். உயரத்தை மீட்டரில் எடுத்து 1000-ஆல் பெருக்கி, மில்லால் வகுத்தால் தூரம். 30 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் 15 மில் பிடித்தால் 2000 மீட்டர். அடிப்பாகம் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருந்தால் கணக்கு தப்பும்; உண்மையைவிடத் தூரமாகக் காட்டும். திசைகாட்டி தருவது காந்த வடக்கு, உண்மையான வடக்கு அல்ல. ஒலிபெருக்கி, எஞ்சின் பக்கத்தில் நின்று எடுத்த அளவை நம்பாதீர்கள். வாங்கும்போது திசைகாட்டித் திரவத்தில் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: லென்ஸில் உப்புப் புள்ளிகள். துணியால் துடைக்கலாமா?

காய்ந்த உப்பைத் துடைப்பது மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம், பூச்சு போய்விடும். முதலில் நன்னீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கரையுங்கள். கண்வில்லையின் இடுக்குகளிலும் ஊற்ற வேண்டும். பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் பூட்டாமல் நிழலில் உலரவிடுங்கள். பூச்சிவிரட்டி பூசிய கையோடு தொடாதீர்கள், ரப்பர் உறை பிசுபிசுத்துப்போகும்.

கேள்வி: கீழே விழுந்தபின் இரண்டிரண்டாகத் தெரிகிறது. நானே திறந்து பார்க்கலாமா?

பிரிசம் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) நகர்ந்திருக்கலாம். அடிவானத்தைப் பார்த்தபடி கருவியைக் கண்ணிலிருந்து சற்றே விலக்குங்கள். இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் இல்லாமல் படிபோல் தெரிந்தால் உறுதி. திறக்காதீர்கள். திருகைக் கழற்றியதும் நைட்ரஜன் வெளியேறிவிடும். பிரிசத்தை நேராக்கி, மறுபடி வாயு நிரப்பி, அடைப்பைச் சோதித்துத் தரும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வெறுமனே நேராக்கித் தந்தால் அதை இனிக் கரையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.