குடியிலிருந்து மீள, ஏற்கெனவே மீண்ட ஒருவரின் துணை எதற்கு?

உங்கள் அண்ணனுக்கு மருத்துவர் இருக்கிறார், ஆலோசகர் இருக்கிறார். இப்போது சிகிச்சை மையத்தில் 'ரெகவரி கோச்' என்று, மீள்பவருக்குத் துணை நிற்க இன்னொருவரையும் சேர்க்கிறார்கள். அவரே ஒரு முன்னாள் குடிகாரர், பெரிய படிப்பும் இல்லை, இவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நாளை முதல் சந்திப்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

11 ஆண்டுகளுக்கு முன் என் மனைவி இதையேதான் கேட்டாள். குடித்துக் கெட்டவன் இன்னொரு குடிகாரனுக்கு என்ன புத்தி சொல்லிவிடுவான் என்பது அவள் வாதம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலையே புத்தி சொல்வதுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

குடித்த காலத்தில் எனக்கு நன்றாகக் கைவந்த ஒரே கலை பொய். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் பாதியைச் சொல்வேன். தினமும் குறிப்பு எழுதி வாருங்கள் என்று ஆலோசகர் சொன்னால், அவர் அறைக்கு வெளியே காத்திருக்கும் நேரத்தில் ஏழு நாள் குறிப்பையும் ஒரே மூச்சில் எழுதி முடிப்பேன். இருவருமே நல்லவர்கள், தொழில் தெரிந்தவர்கள். ஆனாலும் உள்ளதைச் சொன்னால் எதையாவது இழக்க வேண்டியிருக்கும் என்ற பயம் எனக்கு. மருத்துவரிடம் மதிப்பு போகும், அலுவலகத்தில் வேலை போகும், வீட்டில் மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போகும்.

எனக்கு வாய்த்த கோச்சோ முதல் சந்திப்பில் எவ்வளவு குடிக்கிறேன் என்றே கேட்கவில்லை. "தம்பி, பாட்டிலை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?" என்றார். நான் விழிப்பதைப் பார்த்து, "நான் மழைக்கோட்டின் உள்பையில் வைப்பேன். வெயில் காலத்தில் அதை யாரும் தொட மாட்டார்கள்" என்றார். என் வாயிலிருந்து தானாக வந்தது பதில்: "செருப்பு அலமாரியில், பழைய பூட்ஸுக்குள்." அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. வலது காலா இடது காலா என்று மட்டும் கேட்டார். பல ஆண்டுகளில் ஒரு மனிதரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த உத்தி அல்ல. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாக வந்து தோற்றுப்போன பில் வில்சன், ஒரு ஓட்டல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை நிறுத்தி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கூடத்தின் ஒரு பக்கம் மது அருந்துமிடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தன்னால் தாக்குப்பிடிக்க முடியும் என்று தோன்றியதால், தேவாலயங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழைத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த ஸ்மித், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது அந்தப் பேச்சில்தான். ஸ்மித்துக்கு மருத்துவம் தெரியாதா? அவருக்குத் தேவைப்பட்டது தன்னைப் போல் ஒருவர். உதவியவருக்கும் அதில் பலன் இருந்தது. பிறருக்கு உதவுகிறவர் அந்த உதவியாலேயே தேறுகிறார் என்பதைச் சமூக உளவியலாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்.

ஆனால் அந்த அமைப்பில் 'ஸ்பான்சர்' என்று சொல்லப்படுபவரும் கோச்சும் ஒன்றல்ல. ஸ்பான்சர் ஊதியம் வாங்காதவர், குடியிலிருந்து மீள அந்த அமைப்பு வகுத்த பன்னிரண்டு படி வழியில் தானும் நடந்து மற்றவரையும் நடத்துபவர். கோச் பயிற்சி பெற்றவர், பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்பவர், இந்த வழிதான் என்று கட்டாயப்படுத்தாதவர். அமெரிக்காவில் 2007 முதல் இத்தகைய சக துணைக்கு மாநிலங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டில் பணம் கொடுக்க வழி செய்யப்பட்டது. அங்கே பல மருத்துவமனைகளில், அளவுக்கு மீறிய போதையால் அவசரப் பிரிவுக்கு வந்து பிழைத்தவரின் படுக்கையருகே கோச் ஒருவர் போய் உட்காருகிறார்.

அன்றாடத்தில் அவர் செய்வது பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். மருத்துவரிடம் போகப் பயமாக இருந்தால் கூட வருவார். வேலைக்கு விண்ணப்பம் எழுத உதவுவார். என் விஷயத்தில் பெரும்பகுதி மாலை ஆறு மணியைப் பற்றியே பேசினோம். குடியை விட்டவனுக்கு அந்த நேரம் ஒரு வெறும் மைதானம். ஆறிலிருந்து ஒன்பது வரை எங்கே இருப்பேன், யாரோடு இருப்பேன், எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருவேன் என்று ஒரு தாளில் எழுதவைத்தார். குடி நினைப்பு ஒரு அலை, ஏறும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும், அதுவரை என்னோடு பேசிக்கொண்டிருங்கள் என்பார். இதே தகவல் ஆலோசகர் கொடுத்த கையேட்டிலும் இருந்தது. அந்த அரை மணியை உடம்பால் அனுபவித்தவர் சொன்னபோதுதான் நம்பினேன்.

43ஆம் நாள் சறுக்கினேன். இரவு பத்து மணிக்கு அவரை அழைத்தேன். ஏன் குடித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "இன்றைக்கு மட்டுமா, நேற்றும் குடித்தீர்களா?" இன்றைக்கு மட்டும் என்றேன். "வீட்டில் மீதி இருக்கிறதா?" கால் பாட்டில் இருந்தது. "போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தொட்டியில் கொட்டுங்கள். சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்." கொட்டினேன். குழாயைத் திறந்துவிடச் சொன்னார். வாடை போகும் வரை தண்ணீர் ஓடியது, அவரும் மறுமுனையில் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் போய்விட்டது, இனி குடித்தால் என்ன என்று இப்போது தோன்றும். எனக்கும் தோன்றியது, அதற்குப் பிறகு எட்டு மாதம் குடித்தேன். அந்த 43 நாளை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை. போய்ப் படுங்கள், காலை ஏழு மணிக்கு அழைக்கிறேன்." ஏழு மணிக்கு அழைத்தார்.

அந்த இரவு அவர் கேட்ட முதல் கேள்வியின் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தொடர்ந்து பல நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு போகாது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் தொடங்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். நேற்றும் முந்தாநாளும் குடித்தேன் என்று நான் சொல்லியிருந்தால், அந்த இரவே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார். தன் எல்லை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த எல்லை தெரியாத கோச் ஆபத்தானவர். மருந்து எதற்கு, மனவுறுதி போதும் என்பவரிடம் அண்ணனை விடாதீர்கள். ஹெராயின் போன்றவற்றிலிருந்து மீள புப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற சிகிச்சை மருந்துகளை எடுத்துக்கொள்பவரைப் பார்த்து 'நீ இன்னும் போதையில்தான் இருக்கிறாய்' என்று சொல்லும் சில 'மீண்டவர்கள்' இருக்கிறார்கள். அதைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர், உடம்பின் தாங்குதிறன் குறைந்துபோன நிலையில் பழைய அளவை எடுத்தால் இறந்துவிடக்கூடும். இதில் எனக்குப் பொறுமை கிடையாது. சந்திப்பு முழுவதும் தன் கதையையே சொல்பவர், பணம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்பவர், தானே இன்னும் நிலைகொள்ளாதவர், இவர்களையும் தவிர்த்துவிடுங்கள்.

கோச் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சிகிச்சையில் தொடர்ந்து நீடிக்கவும், மருத்துவரோடு உறவு சீராகவும் இத்தகைய துணை உதவுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். மருத்துவரின் இடத்தை அவர் நிரப்ப மாட்டார். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லும் நிலைக்கு உங்கள் அண்ணனைக் கொண்டுவரக்கூடும். எனக்கு அது நான்கு மாதம் கழித்து நடந்தது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கோச்சை உளவாளி ஆக்காதீர்கள். என் மனைவி ஒருமுறை என் கோச்சை அழைத்து, நான் குடித்தேனா என்று கேட்டாள். "அதை அவரிடம்தான் கேட்க வேண்டும், அம்மா" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு மூன்று நாள் கோபம். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க மாட்டேன் என்று அவர் என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். மற்றபடி நான் சொன்ன எதுவும் அவரைத் தாண்டிப் போகவில்லை. போயிருந்தால் பூட்ஸைப் பற்றிச் சொன்னதோடு என் வாய் மூடியிருக்கும்.

நாளை அண்ணனை அந்த அறை வரை கொண்டுபோய் விடுங்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள். நேரம் கடந்தாலும் கதவைத் தட்டாதீர்கள்.