வாசகர் கேள்வி: உக்கின கட்டையில் செம்மஞ்சள் வண்டு

கேள்வி: மாரி மழை விட்ட பிறகு உன்னிச்சைக் குளத்துப் பக்கம் உக்கின கட்டையொன்றில் செம்மஞ்சள் வண்டு மூன்று இருந்தன. இறக்கை முழுக்க வலை பின்னினது போல. கையிலுள்ள எந்தப் புத்தகத்திலும் படம் இல்லை. புது இனமென்றால் பெயர் வைக்கலாமா?
– வாசகர், வவுணதீவு

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அது வலைச்சிறகு வண்டுதானா என்று பாருங்கள். மற்ற வண்டுகளின் ஓட்டைப் போலன்றி இதன் முன்னிறக்கை தோல் போல மெத்தென்றிருக்கும். நகத்தால் அழுத்தினால் வளையும். நீளவாட்டில் வரம்புகள், இடையில் குறுக்குக் கோடுகள், சின்னச் சின்னக் கட்டங்கள். விரலில் தூள் ஒட்டினால் அது வண்டே அல்ல, அதன் வேஷம் போட்ட அந்துப்பூச்சி.

நிறத்தை நம்பவேண்டாம். ஒரே பகுதியில் வாழும் பல இனங்கள் ஒரே செம்மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். உணர்கொம்பின் பல் அமைப்பும் முன்மார்புத் தகட்டின் கட்டங்களும் சாதி (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை கொண்டுபோய் விடும். அதற்கப்பால் பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்புத்தான் தீர்ப்புச் சொல்லும். பெண் வண்டு மட்டும் கிடைத்தால் பெரும்பாடு.

அந்த உறுப்பை எடுக்க, காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து வயிற்றின் கடைசிக் கண்டங்களைக் கழற்றுவார்கள். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 10 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டைக் கரைத்து, அதில் இளஞ்சூட்டில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கொரு தடவை பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு உடல் மென்மை. மறந்துவிட்டால் கண்ணாடி போலாகிக் குழைந்துவிடும். தசை கரைந்ததும் ஒரு சொட்டு வினாகிரி விட்ட தண்ணீரில் அலசி, கிளிசரினில் போட்டு நுணுக்குக்காட்டியில் வரைவார்கள். பிறகு அதைச் சிறு குப்பியிலிட்டு அதே ஊசியில் வண்டின் கீழேயே குத்திவைப்பார்கள். பிரிந்துபோனால் எது யாருடையதென்று தெரியாது.

மரபணுச் சோதனைக்கு வண்டின் ஒரு கால் போதும், 95 வீத எதனோலில். முழு வண்டையும் அதில் நெடுநாள் வைத்தால் நிறம் மங்கும், உயிரோடிருக்கும்போதே படமெடுங்கள். இடம், ஆள்கூறு, திகதி, பிடித்தவர், எந்த மரக்கட்டை – இவ்வளவும் லேபிளில் வேண்டும். லேபிளற்ற வண்டு வெறும் வண்டுதான்.

இனி ஒப்பீடு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பிடித்த பூச்சிகளின் வகைமாதிரிகள் (இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமான மாதிரிகள்) பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன. அவற்றோடு ஒப்பிடாமல் பெயர் வைத்தால், பழைய இனத்துக்கு இரண்டாம் பெயர் வைத்ததாக முடியும். பெயர் செல்லுபடியாக, ஒரு மாதிரியை ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) என்று குறித்து, பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, ஆய்விதழில் விவரணை வெளியிடவேண்டும். முகநூல் பதிவு கணக்கில்லை.

தபாலில் வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். யாலவில் பூச்சி சேகரித்த இரு இத்தாலியருக்கு 2024இல் 6 கோடி ரூபாய் தண்டம் விழுந்தது. சேகரிப்பதற்கு முன் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிடம் முதலில் படத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: அதைக் கொத்தினால் கோழி சாகுமா?
– அதே வாசகர்

பதில்: கோழி பெரும்பாலும் கொத்தியதும் துப்பிவிடும். அமுக்கினால் கசப்பான நீர் கசியும், நாற்றமும் உண்டு. அந்தச் செம்மஞ்சள் அதற்கான எச்சரிக்கைதான்.