சிந்தனைத் தெளிவுக்கு அன்றாடப் பழக்கம்: கடைமடையிலிருந்து ஒரு பதில்

சிக்கல்களைத் தெளிவாகச் சிந்தித்துத் தீர்ப்பதற்கு அன்றாடம் பழகக்கூடிய வழிகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடிக்குத் தெற்கே, ஆற்றுப் பாசனம் கடைசியாக எட்டும் கடைமடையில், ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலத்தில் நெல் சாகுபடி செய்பவன். எனக்குக் கைகொடுத்த பழக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். மற்றவை அதன் கிளைகள். கண்ணால் கண்டதையும் மனத்தால் கருதியதையும் கலக்கவிடாமல், ஒரு நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வைப்பதே அது.

இதைக் கற்றுக்கொடுத்தது என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன், சம்பா நட்டு மூன்று வாரம் ஆன நிலையில் பயிர் மஞ்சளாகத் தெரிந்தது. வரப்பில் நின்றபடியே தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்று முடிவு கட்டி, அன்று மாலையே அதைத் தரும் யூரியா போட்டுவிட்டேன். பத்து நாளாகியும் பயிர் தேறவில்லை. பக்கத்து வயல் பெரியப்பாவிடம் புலம்பியபோது அவர் மருந்து எதுவும் சொல்லவில்லை. “மஞ்சள் எந்த இலையில தம்பி இருக்கு, குருத்துலயா, அடி இலையிலயா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை; ஏனென்றால் நான் மஞ்சளைப் பார்த்தேனே தவிர இலையைப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தழைச்சத்து பயிருக்குள் இடம்பெயரக்கூடியது. அது போதாதபோது முதிர்ந்த இலையிலிருந்து இளம் இலைக்குப் போய்விடுவதால், அடி இலை முதலில் சீராக மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி எளிதில் நகராது. ஆகவே அது குறைந்தால் குருத்திலை வெளிறும். துத்தநாகச்சத்துக் குறைந்தாலோ, கீழ் இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் மஞ்சள்தான். வயலில் இறங்கி நான் கண்டது துருப்புள்ளியை. தண்ணீர் வடியாமல் தேங்கியே கிடக்கும் மண்ணில் துத்தநாகம் வேருக்குக் கிடைப்பது குறையும். என் வயலும் அப்படிப்பட்டதே. தண்ணீரை வடித்துவிட்டு, லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட்டும் (துத்தநாக உப்பு) 10 கிராம் யூரியாவும் கலந்து தெளித்தேன். மறு ஆண்டிலிருந்து நடவுக்கு முன்பே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து இட்டுவிடுகிறேன்.

அதே போகத்தில் பிறகு, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியும் வந்தது. மிகுதியான தழைச்சத்து புகையானுக்கு இடம்கொடுக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் அவசரப்பட்டுப் போட்ட யூரியாதான் காரணம் என்று எழுதிவிட ஆசையாக இருந்தது. ஆனால் கூடுதல் யூரியா எதுவும் போடாத மேற்கு வயலிலும் அதே வாரத்தில் புகையான் இருந்தது. எனவே அந்த வரி இன்றுவரை ‘கருதியது’ பக்கத்திலேயே நிற்கிறது. தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதும் சில வேளைகளில் அவசர முடிவுதான்.

இரண்டாவது பழக்கம் எளியது. மதகில் தண்ணீர் நிறைய ஓடியும் எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை என்றால், முன்பெல்லாம் வயலிலிருந்து ஒவ்வொரு குழாய்ப் பாலமாகப் பார்த்துக்கொண்டு போவேன். இடையில் எட்டுப் பாலங்கள். இப்போது நேராக நடுவிலுள்ள பாலத்துக்குப் போகிறேன். அங்கே தண்ணீர் இருந்தால் அடைப்பு கீழே, இல்லையென்றால் மேலே. மூன்று இடம் பார்த்தால் ஆகாயத்தாமரை எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு இடத்தில் அடைத்திருந்தால் மட்டும் இந்த வழி பாதியில் கைவிடும், மறுபடி நடக்க வேண்டும். மோட்டார் ஓடாதபோதும் இப்படியே மின் இணைப்பின் நடுவிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்றாவது, விளைவு தெரிவதற்கு முன்பே ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் தேதியிட்டு எழுதிவிடுவது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள் என்றாலும், நீர் இருப்பைப் பொறுத்து அந்தத் தேதி மாறும். திறந்த நீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு எத்தனை நாள் என்பதுதான் நாற்று விடுவதைத் தீர்மானிக்கும். நோட்டைப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது: என் ஊகம் ஒவ்வோர் ஆண்டும் உண்மையைவிட முந்தியே இருந்தது. நான் தண்ணீர் ஓடும் நாட்களைக் கணக்கிட்டேனே ஒழிய, முறைவைத்து விடும்போது அது நிற்கும் நாட்களைச் சேர்க்கவில்லை. எழுதாமல் இருந்திருந்தால், தண்ணீர் வந்த பிறகு “இதைத்தான் நானும் நினைத்தேன்” என்று சொல்லியிருப்பேன்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன், காகிதம் வாங்க வசதியில்லாததால் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டில் எழுதினார் என்பார்கள். அவருக்கு அது போதும். என்னைப் போன்றவனுக்கு வேண்டியது அழித்த பகுதிதான்.

இந்த ஆண்டுப் பக்கத்தில், அணை திறந்ததிலிருந்து எங்கள் ஊருக்குத் தண்ணீர் வர 22 நாள் என்று எழுதியிருக்கிறேன்; வாய்க்கால் தூர்வாரியிருப்பதும் முறை நாட்களைச் சேர்த்துக்கொண்டதும் காரணங்கள். பெரியப்பா 26 என்கிறார். காரணம் கேட்டேன், கீழ்ப்புறத்தில் இரண்டு பாலங்களை இன்னும் தூர்வாரவில்லையாம். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே அதையும் இப்போதைக்கு ‘கருதியது’ பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாளை காலை நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.