கம்பெனி சொன்னது 20, கைக்கு வருவது 11: காம்பாக்ட் எஸ்யூவி மைலேஜ் கேள்வி பதில்

நான்கு மீட்டருக்கு உட்பட்ட 1.5 லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி ஒன்றை ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். இந்தப் பதில்களுக்கு அந்த நோட்டுதான் துணை.

வேளச்சேரி வாசகர்: லிட்டருக்கு 20 கி.மீ. என்றார்கள். எனக்கு 11தான் கிடைக்கிறது. அலுவலகம் 4 கி.மீ.; போய்ச்சேர 25 நிமிடம். வண்டியில் கோளாறா?

வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 11 என்றால், இந்த 4 கி.மீ.க்கு ஏறத்தாழ 360 மில்லி செலவாகிறது. ஏசி போட்டு நிற்கும் வண்டி மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். சிக்னல்களில் மொத்தம் பத்து நிமிடம் நின்றால் 160 மில்லிக்கு மேல் நின்ற இடத்திலேயே தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு, குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அது முழுதாகச் சூடேறுவதற்குள் நீங்கள் அலுவலகத்தில் இருக்கிறீர்கள்.

அந்த 20 என்பது சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல், ஏசி போடாமல், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், இருபது நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டி எடுத்த அளவு. ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவும். உங்கள் மாதச் செலவை அதை வைத்துத் திட்டமிடாதீர்கள்.

மதுரை: மீட்டரில் 14.8 காட்டுகிறது. நம்பலாமா?

பங்கில் போடும் லிட்டரை நம்புங்கள். என் வண்டியின் மீட்டர் எப்போதும் அரை முதல் ஒரு கிலோமீட்டர் வரை கூட்டியே காட்டுகிறது. ஒரே பங்கில், முடிந்தால் ஒரே குழாயில், தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த மூன்று முறையும் அப்படியே நிரப்புங்கள். மொத்தக் கிலோமீட்டர் 1,197, மொத்த லிட்டர் 89 என்றால் மைலேஜ் 13.4. ஒரு முறை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். குழாய் நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று நிரப்பச் சொல்லாதீர்கள்; ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

நாமக்கல்: கொல்லிமலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா?

வேண்டவே வேண்டாம், தம்பி! எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். மிச்சமும் இல்லை. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் தேவைப்படுகிறது.

திருச்சி: சென்னைக்கு 80இல் போனால் நல்லதா, 100இல் போனால் நல்லதா?

80இல் போங்கள். வேகம் 80இலிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. உயரமும் அகலமுமான எஸ்யூவியை அது காரைவிட அதிகமாகப் பாதிக்கும். என் நோட்டில் 80இல் 18.5, 100இல் 15.

கோவை: மாதம் 700 கி.மீ. ஓடுவேன். டீசல் ஒன்றரை லட்சம் கூடுதல். வாங்கலாமா?

பெட்ரோல் 101 ரூபாய்க்கு 13 கி.மீ., டீசல் 92 ரூபாய்க்கு 17 கி.மீ. என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 36 காசு மிச்சம். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பிவர ஏழரை ஆண்டுக்கு மேலாகும். அதோடு பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நகருக்குள் குட்டிக் குட்டியாக ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். பெட்ரோலே வாங்குங்கள்.

தஞ்சாவூர்: இ20 வந்த பிறகு மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுகிறது. பிரமையா?

பிரமை அல்ல. இ20 என்பது 20 சதவீதம், இ10 என்பது 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது. இ10க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் டயர் காற்றைப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி.