வீட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு குட்டி கார்: வாசகர் கேள்விகள்

வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறவனிடம் மோட்டார் ஹோம் பற்றிக் கேட்பார்கள் என்று பத்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த பழைய வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் ஒரு சின்ன காரையும் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அமெரிக்காவில் அந்தச் சின்ன காரை ‘டிங்கி’ என்பார்கள். தோணிக்குப் பின்னால் கட்டிய வத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அங்கே ஓடினாலும் சந்தேகம் இங்கேதான் வருகிறது.

அண்ணாச்சி, என் மகன் டெக்சாஸில் 1976 மாடல் ஜிஎம்சி மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறான். பின்னால் கட்டி இழுக்க எந்த கார் நல்லது என்று கேட்கிறான். – பாளையங்கோட்டை வாசகர்

பையனுக்கு ரசனை இருக்கிறது. 1973 முதல் 1978 வரை மட்டுமே வந்த வண்டி அது. 76 மாடல் என்றால் 7.5 லிட்டர் எஞ்சின், முன் சக்கர இழுவை. இழுக்கும் பலத்துக்குக் குறைவே இல்லை. அதனால் ‘இழுக்குமா’ என்பதை விடுங்கள், ‘நிற்குமா’ என்று கேட்கச் சொல்லுங்கள். பாரவண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மேட்டில் மாடு வண்டியை இழுக்கும், இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றினால் ஐந்து டன் வரும் வண்டி. அதன் பின்னால் ஒரு டன் காரைக் கட்டினால், ஐம்பது வயதான பிரேக் ஆறு டன்னை நிறுத்தியாக வேண்டும்.

ஆகவே முதல் செலவு காருக்கு இல்லை. வண்டியின் பிரேக் குழாய், ஹோஸ், டிரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அப்புறம் பின்னாலுள்ள கொக்கி. பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ வெல்டிங் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், உள்ளே துரு தின்றிருக்கும். வண்டி, கொக்கி, இழுவைக் கம்பி மூன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. அதில் எது குறைவோ அதுதான் கணக்கு.

கார் என்று வந்தால் என் ஓட்டு பழைய சுசுகி சாமுராய்க்கு. வேறொன்றும் இல்லை, நம்ம ஜிப்ஸியின் பங்காளிதான். ஒரு டன்னுக்குள் நிற்கும், முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் தனி நியூட்ரல் உண்டு. ரொம்ப லேசாக வேண்டுமென்றால் ஜியோ மெட்ரோ, மேனுவல் கியராகப் பார்த்து. அதுவும் நம்ம எஸ்டீம் வம்சம்தான். புதிதாக, சொகுசாக ஒன்று வேண்டும் என்று மருமகள் சொன்னால் அது வேறு பேச்சு. அந்த காரின் கையேட்டில் நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.

காரின் முன் சக்கரத்தை மட்டும் தூக்கிவைக்கும் இரண்டு சக்கர டாலி இந்த ஜிஎம்சிக்கு எனக்குப் பிடிக்காது. அதன் பாரம் வண்டியின் வாலை அமுக்கும். வால் அமுங்கினால் மூக்கு லேசாகும். இழுக்கிற சக்கரம் அந்த மூக்கில்தானே இருக்கிறது? நாலு சக்கரத்திலும் உருண்டுவரும் காருக்கு இந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது.

காருக்குள் தனி பிரேக் கருவி அவசியம். முன்வண்டி பிரேக் பிடிக்கும்போது அது காரின் பெடலை அமுக்கும். கம்பி அறுந்துவிட்டால் தானே பிரேக் பிடிக்க ஒரு வயரும், குறுக்காக மாட்டிய இரண்டு சங்கிலியும் வேண்டும். அங்கே சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் 3,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேல்தான் பிரேக் கட்டாயம். சாமுராய் அதற்குள் வரும். வந்தாலும் விடக் கூடாது.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். மாப்பிள்ளை 1980களில் வந்த டால்போட் கேம்பர் வைத்திருக்கிறார். சின்ன கார் என்றால் பிரேக் கருவி வேண்டாமே? – திசையன்விளை வாசகி

அங்கே எல்லைக்கோடு 750 கிலோ, அம்மா. ஏ வடிவக் கம்பியில் கட்டிய காரை டிரெய்லராகவே கணக்கில் எடுப்பார்கள். 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் இருக்க வேண்டும், அது ஒழுங்காக வேலையும் செய்ய வேண்டும். சிட்ரோயன் சி1, டொயோட்டா அய்கோ போன்ற குட்டி கார்களே 800 கிலோவை ஒட்டி வந்துவிடும். அதனால் மாப்பிள்ளை தப்பிக்க வழியில்லை. லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 2021 டிசம்பரிலிருந்து சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். இதே கோலத்தில் ஸ்பெயினுக்குப் போகிறோம் என்று கிளம்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள், அங்கே அபராதம் போடுவார்கள்.

பழைய மெட்டடோரைப் படுக்கை வசதியோடு மாற்றிவிட்டேன். வீட்டில் ஜிப்ஸியும் நிற்கிறது. சீசனுக்குக் குற்றாலம் போகும்போது கட்டி இழுத்துப் போகலாமா? – வள்ளியூர் வாசகர்

கூடாது. நம் சாலை விதிப்படி கட்டி இழுக்கலாம் என்பது பழுதாகி நிற்கும் வண்டி, முழுதாகப் பூட்டாத வண்டி, பதிவு செய்த டிரெய்லர், சைடு கார் ஆகியவற்றுக்குத்தான். நன்றாக ஓடுகிற ஜிப்ஸி இதில் எதிலும் சேராது. பழுதான வண்டியைக்கூட இடையில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல், சைக்கிளை விடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில்தான் இழுத்துப் போக முடியும். பொழுது விடிந்து கிளம்பினால் தென்காசி போய்ச் சேருமுன் குளிக்கிற ஆசையே போய்விடும்.

டிரெய்லர் வாங்கிப் பதிவு செய்து, அதில் ஜிப்ஸியை ஏற்றலாம்தான். ஆனால் சீசன் என்றால் காற்றுக் காலம். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. தென்காசிப் பக்கம் போனால் செங்கோட்டைக் கணவாய்க் காற்று. காற்றாடி கம்பெனிக்காரர்கள் சும்மாவா அங்கே வந்து நட்டார்கள்? மெட்டடோரின் உயர்ந்த முதுகில் அது பக்கவாட்டில் அறையும்போது பின்னால் இருக்கிற டிரெய்லரும் வாலை ஆட்டும். அப்படியே கேரளா பார்க்கலாம் என்று புளியரை எஸ் வளைவில் ஏற்றிவிட்டீர்கள் என்றால் எதிரே வருகிற லாரிக்காரர் உங்கள் ஏழு தலைமுறையையும் விசாரிப்பார்.

மைத்துனரை ஜிப்ஸியில் பின்னால் வரச் சொல்லுங்கள். சாப்பாட்டுச் செலவு மட்டும்தான்.

எந்த காரையும் நியூட்ரலில் போட்டு இழுக்கலாம் என்கிறார் என் மச்சான். சரியா? – தென்காசி வாசகர்

மச்சானிடம் காரைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் கியர் பாக்ஸுக்கு எண்ணெய் தள்ளும் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து ஓடுவது. எஞ்சின் நிற்க, சக்கரம் சுழன்றால் உள்ளே எல்லாம் வறண்டு தேயும், கருகும். பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் மோசம். மேனுவல் என்றாலே தப்பித்தோம் என்பதும் கிடையாது. பின் சக்கர இழுவையுள்ள சில கார்களில் எஞ்சின் நின்றதும் எண்ணெயை வாரித் தெறிக்கும் அடித்தண்டு நின்றுவிடும், மேல்தண்டு மட்டும் எண்ணெய் இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். முன் சக்கர இழுவை மேனுவல்களில் இந்தக் கண்டம் குறைவு.

சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். பூட்டு திறந்திருக்க வேண்டும், ஆனால் பேட்டரி வடியக் கூடாது. அதற்கு எலெக்ட்ரீஷியனிடம் ஒரு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

காரோடு சேர்த்து ரிவர்ஸ் எடுக்க முடியுமா? – கல்லிடைக்குறிச்சி வாசகர்

முடியாது. இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். ஒரு தடவை பழுதான ஜீப் ஒன்றைக் கம்பியில் கட்டிக்கொண்டு வந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு சந்தில் திருப்பம் தவறிவிட்டது. நாலடிதானே என்று பின்னால் எடுத்தேன். ஜீப்பின் முன் சக்கரம் இரண்டும் ஒரு பக்கமாக மடிந்து நின்றுகொண்டன, கம்பி வளைந்து பம்பரும் போயிற்று. முன்னால் இழுத்தால் சக்கரம் தானே நேராகும், பின்னால் தள்ளினால் தானே மடியும். அதன் குணமே அதுதான். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் இறங்கிக் கழற்றிவிட்டு இரண்டு வண்டியையும் தனித்தனியாக எடுங்கள். பெட்ரோல் பங்குக்குள் நுழையுமுன் வெளியே போகும் வழி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுத்துப் போகும்போது காரின் மீட்டர் ஓடுமா? – சேரன்மகாதேவி வாசகர்

மாருதி 800 போலக் கேபிள் வைத்த பழைய முன் சக்கர இழுவை கார்களில் ஓடும். டிஜிட்டல் மீட்டரில் சாவி அணைந்திருந்தால் பெரும்பாலும் ஓடாது. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்து, முன் பம்பருக்கு அடியில் கம்பி பூட்டிய ஓட்டை தென்பட்டால், டயரையும் சக்கர பேரிங்கையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.