ரயில் கொக்கியைப் பார்த்து நிற்கும் மகளுக்கு என்ன படிப்பு?

அம்மா, எல்லோரும் பெட்டியில் இடம் பிடிக்க ஓடும்போது, உங்கள் மகள் மட்டும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் கொக்கியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஆர்வம் சோறு போடுமா என்பதுதான் உங்கள் கவலை. நிச்சயம் போடும். அவள் பார்ப்பது சாதாரண இரும்புத் துண்டு இல்லை.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் ரயில் பெட்டிகளை ஒரு வளையமும் முளையும் வைத்துத்தான் இணைத்தார்கள். ஊழியர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நின்று, வண்டி நெருங்கி வரும்போது வளையத்தைக் கையால் பிடித்து நேராக்கி, முளையைச் செருக வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரல் போய்விடும். உயிர் போனவர்களும் உண்டு. 1873-ல் ஈலை ஜேனி என்பவர் இதற்கு மாற்றாக ஒரு தானியங்கி இணைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பொறியாளர் இல்லை, ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர். இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று மாட்டிப் பாருங்கள், அவர் செய்ததும் அதே மாதிரிதான். பெட்டிகள் மெல்ல முட்டியதும் பூட்டிக்கொள்ளும், நடுவே ஆள் நிற்க வேண்டியதில்லை. 1893-ல் அமெரிக்கா தானியங்கி இணைப்பைச் சட்டமாகவே ஆக்கியது.

இதில் உங்கள் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மடக்கிய விரல் போன்ற அந்தப் பகுதிக்கு நக்கிள் என்று பெயர். இழுவிசை அளவு மீறினால் முதலில் அதுதான் உடைய வேண்டும் என்று திட்டமிட்டே செய்கிறார்கள். ஏன்? நக்கிள் உடைந்தால் வண்டி நிற்கும் இடத்திலேயே புதிதாக மாட்டிவிடலாம். கொக்கியின் உடல் உடைந்தால் பெட்டியே பட்டறைக்குப் போக வேண்டும். இந்தப் பதிலை அவளாகவே கண்டுபிடித்தால், தயங்காமல் இயந்திரப் பொறியியலில் சேர்த்துவிடுங்கள்.

ரயிலுக்கென்றே இருக்கும் குறுகிய படிப்பை இப்போதே தேட வேண்டாம். அடிப்படை அகலமாக இருக்கட்டும். இரும்பு ஏன் களைத்து விரிசல் விடுகிறது என்று கேட்கிறவள் என்றால் பின்னால் உலோகவியல் பக்கம் போகலாம். ஷார்ஃபென்பெர்க் என்ற இன்னொரு வகைத் தானியங்கி இணைப்பில் கொக்கியோடு பிரேக் காற்றுக் குழாயும் மின்தொடர்பும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும்படி அமைக்க முடியும். அது பிடித்தால், இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ். அப்புறம், இந்தத் துறையில் செய்ய இனி என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐரோப்பாவின் சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் இன்றைக்கும் ஆள் இறங்கித் திருகுக் கொக்கியைக் கையால்தான் முறுக்குகிறார். அதை மாற்ற டிஜிட்டல் தானியங்கி இணைப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கையால் செய்து பார்ப்பதில்தான் அவளுக்கு நாட்டம் என்றால் முதலில் டிப்ளமோ, பிறகு பட்டம் என்று போனாலும் சரிதான். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பணிமனையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உலோகத்தை இழுத்து முறித்துப் பார்க்கும் கருவி அங்கே இருக்கிறதா, அதை மாணவர்களே இயக்குகிறார்களா என்று கேளுங்கள். அதுவரை அவள் அட்டையிலோ மரத்திலோ ஒரு நக்கிள் செய்து பார்க்கட்டும். நிஜக் கொக்கியை மட்டும் நடைமேடையில் நின்றே பார்க்கச் சொல்லுங்கள்.