இணைப்பு விமானம்: நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும்?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் நானும் மனைவியும் அமெரிக்காவில் ராலே ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். எனக்கு 67 வயது. மனைவிக்கு மூட்டு வலி, அதிக தூரம் நடக்க முடியாது. சென்னை–தோஹா–சிகாகோ–ராலே, எல்லாம் ஒரே டிக்கெட். சிகாகோவில் இரண்டு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட் ஒன்று இருக்கிறது, நாலரை மணி நேரம் உள்ளது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆளுக்கு 6,000 ரூபாய் கூடுதல். "கம்பெனிக்காரனே விற்கிறான் என்றால் அந்த நேரம் போதும் என்றுதானே அர்த்தம்?" என்கிறான் மகன். எதை வாங்கலாம்?
— கும்பகோணம் வாசகர்

பதில்: நாலரை மணி நேரத்தை வாங்குங்கள், ஐயா. அந்த 12,000 ரூபாய் வீண் செலவு இல்லை.

மகன் சொல்வதில் பாதி சரி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் 'மினிமம் கனெக்டிங் டைம்' என்று ஒரு குறைந்தபட்ச நேரம் வைத்திருக்கிறார்கள். இடைவெளி அதற்குக் கீழே போனால் ஒரே டிக்கெட்டாகப் போட சிஸ்டமே விடாது. வியன்னாவில் அது 25 நிமிடம்தான், பிராங்க்பர்ட்டில் 45. ஆனால் முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து, எங்கேயும் தடங்கல் இல்லாமல் இருந்தால் அடுத்ததைப் பிடித்துவிடலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. முன்வரிசையில் உட்கார்ந்து தோள்பையோடு ஓடுகிற இளைஞருக்கும் அதே நேரம்தான், கடைசி வரிசையில் சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கிற அம்மாவுக்கும் அதே நேரம்தான்.

தோஹாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே டெர்மினல், பெட்டி தானாக மாறிவிடும், கைப்பையை மட்டும் மறுபடி சோதிப்பார்கள். அங்கே இரண்டு மணி நேரம் தாராளம். சிகாகோ அப்படியில்லை. அமெரிக்காவில் எந்த ஊரில் முதலில் இறங்குகிறீர்களோ அங்கேயே இமிகிரேஷன் முடிக்க வேண்டும். பெட்டியில் ராலே வரைக்கும் டேக் ஒட்டியிருந்தாலும், சிகாகோவில் பெல்ட்டிலிருந்து நீங்களே எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, வெளியே மறுபடி ஒப்படைக்க வேண்டும். சென்னை கவுன்டரில் "பெட்டி ராலேயில் கிடைக்கும்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, சிகாகோவில் பெட்டியை எடுக்காமலேயே வெளியே வந்துவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் அந்தத் தவறைச் செய்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. நீங்கள் இறங்குவது 5ஆம் டெர்மினல். உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் 1, 2, 3 ஆகியவற்றிலிருந்து கிளம்புகின்றன. டெர்மினல்களுக்கு நடுவே ஓடும் ரயிலில் ஏறிப் போய், அங்கே பாதுகாப்புச் சோதனையை முதலிலிருந்து மறுபடி முடிக்க வேண்டும். தோஹாவில் டூட்டி ஃப்ரீயில் வாசனைத் திரவியம் மாதிரி ஏதாவது வாங்கினால், சிகாகோவில் பெட்டி கைக்கு வந்ததும் அதற்குள் வைத்துவிடுங்கள். கையில் வைத்திருந்தால் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைச் சோதனையில் எடுத்துவிடலாம்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். சக்கர நாற்காலி கேட்டவர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள், அதற்கு அரை மணி. இமிகிரேஷன் வரிசைக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ஒரே சமயத்தில் நாலைந்து பெரிய விமானங்கள் வந்து இறங்கினால் அதுவும் போதாது. பெட்டிக்கும் கஸ்டம்ஸுக்கும் அரை மணி, ரயிலுக்குக் கால் மணி, மறு சோதனைக்கு அரை மணி. இதுவே இரண்டே முக்கால் மணி நேரம். அங்கே உள்நாட்டு விமானத்தின் கதவைப் புறப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காத நாளிலும் உங்களுக்கு மூன்று மணி நேரம் தேவை.

இதை ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. என் அம்மாவை ஒரு முறை இதே மாதிரி இரண்டே கால் மணி நேர இடைவெளியில் அனுப்பி வைத்தேன். நாற்காலி தள்ளும் ஆள் வந்து சேரவே நாற்பது நிமிடம். விமானம் போய்விட்டது. மொழி தெரியாத ஊரில் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா எனக்கு போன் செய்து, "நான் பத்திரமாத்தான் இருக்கேன், நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பெரியவர்களை அனுப்பும்போது நான் நேரத்தில் சிக்கனம் பார்ப்பதே இல்லை.

சாப்பாட்டு மூட்டைக்கும் இதில் பங்கு உண்டு. பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் இருந்தால் கேட்கும்போது ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் தண்டனை இல்லை, மறைத்துப் பிடிபட்டால் அபராதம் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் தடை. ஒரு கொத்து இலைக்காகப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்கும் நேரமும் உங்கள் இடைவெளியிலிருந்துதான் கழியும்.

ஒரே டிக்கெட் என்பதால் உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், காசு வாங்காமல் வேறு விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் ஏற்றுவதற்கு விமானம் இருக்க வேண்டுமே! அதனால் மகனிடம் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: நீங்கள் எடுக்கப்போவது ராலேக்கு அன்றைய கடைசி விமானமா? கடைசி என்றால், தவறினால் மறுநாள்தான். அதற்குப் பின்னால் இன்னும் ஒன்றிரண்டு விமானங்கள் உள்ள நேரமாகத் தேர்ந்தெடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. சக்கர நாற்காலியை இப்போதே டிக்கெட்டில் பதியச் சொல்லுங்கள், 48 மணி நேரத்துக்கு முன்பாவது பதிவாகியிருக்க வேண்டும். விமானக் கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோடைக்கால அட்டவணைக்கு மாறும். முன்கூட்டி வாங்கிய டிக்கெட்டில் நாலரை மணி நேரம் இரண்டரையாகச் சுருங்கிப்போவதும் நடக்கும். மின்னஞ்சலில் வரும் நேர மாற்ற அறிவிப்பை மகன் கவனமாகப் படிக்கட்டும். மாற்றியது அவர்கள் என்றால், வேறு விமானம் கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: கோவை–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–லண்டன் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் 4,500 ரூபாய் மிச்சமாகிறது. நடுவில் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. முதல் முறையாகப் படிக்கப் போகிறேன், இரண்டு பெரிய பெட்டிகள். போதுமா அண்ணா?
— கோவை வாசகி

பதில்: போதாதும்மா. ஆனால் நேரத்தை விட, தனித்தனி டிக்கெட் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கோவை விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால், அந்த நிறுவனம் உன்னை மும்பையில் இறக்கிவிட்டதோடு அதன் கடமை முடிந்தது. லண்டன் விமானத்தின் கணக்கில் நீ 'வராத பயணி'. போகும் டிக்கெட்டை மட்டும் இழப்பாய் என்று நினைக்காதே. ஒரே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணமும் இருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் அதையும் சேர்த்தே ரத்து செய்துவிடும். தொடர் விமானத்தைத் தவறவிட்டதற்கான இழப்பீடு பற்றி நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதிகளில் பேசும் இடத்திலும், இரண்டும் ஒரே டிக்கெட் எண்ணில் பதிவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது.

மும்பையில் லண்டன் விமானம் 2ஆம் டெர்மினலிலிருந்து கிளம்பும். உன் கோவை விமானம் 1இல் இறங்கினால், பெட்டிகளை எடுத்துக்கொண்டு சாலை வழியாகத்தான் அங்கே போக வேண்டும். சர்வதேச கவுன்டரை 60 அல்லது 75 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். உன் மூன்றரை மணி நேரத்தில் உண்மையாக உன் கையில் இருப்பது இரண்டேகால் மணி நேரம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் மும்பை மழையையும் சேர்த்துக்கொள்.

அந்த 4,500 ரூபாயைக் கொடுத்து ஒரே டிக்கெட்டாக வாங்கு. முடியவே இல்லை என்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் விடு, அல்லது முதல் நாளே மும்பை போய்த் தங்கு.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சில இணையதளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம் மாதிரி காட்டும். 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்', அதாவது நடுவில் நீயே பெட்டியை எடுத்து மாறிக்கொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேள்: "கோவையில் போடும் பெட்டி நேராக லண்டன் போகுமா?" மழுப்பினால் விட்டுவிடு. வெளிநாட்டில் இப்படி மாறுவது இன்னும் சிக்கல். பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே பெரும்பாலும் விசா கேட்பார்கள்.

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து மாலையில் சென்னையில் இறங்கி, அன்று இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரை போகிறோம். மூன்று மணி நேரம் இருக்கிறது. சரியா?
— மதுரை வாசகர்

பதில்: விமானம் நேரத்துக்கு வந்தால் சரி. வராவிட்டால் யாரும் பொறுப்பில்லை. ரயில் கிளம்பிய பிறகு உறுதியான டிக்கெட்டுக்குப் பணமும் வராது.

ஏறும் இடத்தை எழும்பூரிலிருந்து தாம்பரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஐஆர்சிடிசி தளத்தில் முன்கூட்டியே செய்யலாம், காசு கிடையாது. ரயில் அங்கே ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துத்தான் வரும். விமான நிலையத்திலிருந்து தாம்பரம் பக்கம், நகரத்துக்குள் போகிற நெரிசலும் இல்லை. கைப்பை மட்டும் என்றால் எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறினாலே போதும். ஒரு முறை மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும், அதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.